புது ரிவால்வர்ல ஃபேக்டரி குறை: கம்பெனிக்கு அனுப்பவா, கன்ஸ்மித்கிட்ட குடுக்கவா, நாமளே கை வைக்கவா?

புதுசா வாங்கின ரிவால்வர், பெட்டியைப் பிரிச்சு ஒரு வாரம்கூட ஆகல, அதுக்குள்ள ஏதோ சரியில்லன்னு தோணுது. முன் சைட் லேசா சாஞ்சிருக்கு, இல்லன்னா ஒரே ஒரு சேம்பர்ல (தோட்டா நுழையுற குழி) மட்டும் சிலிண்டர் (அந்தக் குழிகள் இருக்கிற, சுத்துற உருளை) லாக் ஆக மாட்டேங்குது, இல்லன்னா ஆறு ரவுண்டுல ஒண்ணு வெடிக்காம நிக்குது. இப்படி மாட்டிக்கிட்டவங்க கேக்குற கேள்வி எப்பவும் ஒண்ணுதான், இதைத் திருப்பி அனுப்பவா, பக்கத்துல இருக்கிற கன்ஸ்மித்கிட்ட (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) குடுக்கவா, வீடியோ பாத்து நானே சரி பண்ணிக்கவா, இல்ல வித்துட்டு வேற வாங்கிடவா.

நானும் இதுல மாட்டினவன்தான். ஆறு ரவுண்டு புது ரிவால்வர், கடைல பாக்கும்போது பளபளன்னு இருந்துச்சு, வீட்டுக்கு வந்து பின்னாடி இருந்து நேராப் பாத்தப்பதான் முன் சைட் வலது பக்கம் சாஞ்சிருக்குன்னு தெரிஞ்சுது, அதைச் சமாளிக்கிறதுக்காகப் பின் சைட்டை ஒரு ஓரமாத் தள்ளி வச்சிருந்தாங்க. கடைக்காரர் சொன்னது, "சுடச் சுட சரியாயிடும்". இந்த ஒரு வார்த்தையை நம்பி நிறைய பேர் வாரண்டி காலத்தையே தொலைச்சிருக்காங்க, அதனால இதை ஆரம்பத்துலயே சொல்லிடறேன்: சுடச் சுட சரியாகுறது ட்ரிகர்ல இருக்கிற சொரசொரப்பு, இறுக்கமா இருக்கிற சிலிண்டர் லாட்ச், அந்த மாதிரி விஷயங்கள்தான். முன் சைட் பேரல் மேலதான் இருக்கு, பேரலை ஃப்ரேம்ல (ரிவால்வரோட உடல்) சரியா முறுக்காம விட்டா ரெண்டும் சேந்து சாஞ்சு நிக்கும். அப்படிச் சாஞ்ச பேரல் சுட்டாலும் சுடாட்டியும் அப்படியேதான் இருக்கும். டைமிங் (சேம்பர் சரியான நேரத்துல பேரலுக்கு நேரா வந்து நிக்கிறது), எண்ட் ஷேக் (சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடுறது), பேரலுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி இதெல்லாம் சுடச் சுட மோசமாத்தான் ஆகும், ஏன்னா தேயுற பாகம் தேஞ்சுக்கிட்டேதான் போகும், வளராது.

## எதை வச்சு முடிவு பண்றது

வழியைப் பாக்குறதுக்கு முன்னாடி அளவுகோலைப் பாத்துடுவோம்.

முதல் கேள்வி, குறை எந்த ரகம். வெளிப்பக்கம் இருக்கிற பிசிறு, பாலிஷ்ல கீறல், லூசான ஸ்க்ரூ ஒரு ரகம். பாகம் பாகமா கழட்டி அளந்து பொருத்த வேண்டிய குறை இன்னொரு ரகம். ஃப்ரேம், பேரல், சிலிண்டர்னு அழுத்தம் தாங்குற இடத்துல இருக்கிற குறை மூணாவது ரகம். எது எந்த ரகம்னு தெரியாம வழியைத் தேர்ந்தெடுக்கிறது நோய் தெரியாம மருந்து வாங்குற மாதிரி.

ரெண்டாவது, அது ஆபத்தான குறையா. சேம்பர் பேரலுக்கு நேரா வந்து நிக்கிறதுக்கு முன்னாடியே ஹேமர் (தோட்டாவை வெடிக்க வைக்கிற சுத்தி) விழுதுன்னா குண்டு ஒரு ஓரத்துல உரசிக்கிட்டுதான் பேரலுக்குள்ள நுழையும், ஈயத் துணுக்கு பக்கவாட்டுல தெறிச்சு பக்கத்துல நிக்கிறவரோட முகத்துல படும். காக் பண்ணின (பின்னாடி இழுத்து நிறுத்தின) ஹேமரைப் பெருவிரலால முன்னாடி தள்ளினா விழுந்துடுதுன்னா அது அதைவிட மோசம். இந்த ரெண்டுல எது இருந்தாலும் ஒரு ரவுண்டுகூட போடாதீங்க.

மூணாவது, செஞ்சதைத் திருப்ப முடியுமா. இறுக்கின ஸ்க்ரூவைத் தளர்த்திக்கலாம், அரம் போட்ட உலோகத்தைத் திருப்பி ஒட்ட முடியாது.

நாலாவது, எவ்வளவு நாள் கைல இல்லாம இருக்கலாம், வீட்டுப் பாதுகாப்புக்குன்னு இது ஒண்ணுதான் இருக்கா, இல்ல சும்மா ரேஞ்சுல சுடுறதுக்கா. அஞ்சாவது மொத்த செலவு, பில்லுல வராத செலவையும் சேத்து. ஆறாவது உங்க ஊர் சட்டம், லைசன்ஸ் இருக்கிற ஆயுதத்தை யார் எடுத்துட்டுப் போகலாம், பார்சல்ல அனுப்பலாமா, யார் ரிப்பேர் பண்ணலாம்ங்கிறது நாட்டுக்கு நாடு மாறும், இதைக் கேட்டுத் தெரிஞ்சுக்காம ஒரு அடிகூட எடுத்து வைக்காதீங்க.

## முதல்ல அளந்து பாருங்க, நிஜமாவே ஃபேக்டரி குறைதானா

நிறைய பேர் இதைத் தாண்டிப் போயிடறாங்க, அதான் இதை விரிவாவே சொல்றேன். சிலிண்டரைத் திறந்து காலியா இருக்கான்னு கண்ணால பாருங்க, விரலால தடவியும் பாருங்க, தோட்டா எல்லாத்தையும் வேற ரூம்ல வச்சுடுங்க. ஒரு ஃபீலர் கேஜ் வாங்கிக்கோங்க, வண்டி மெக்கானிக் ஸ்பார்க் பிளக் கேப் பாக்க வச்சிருப்பாரே அதேதான்.

இடைவெளி. சிலிண்டரைப் பின்பக்கம் தள்ளிப் பிடிச்சுக்கிட்டு பேரலுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல எந்தத் தகடு போகுதுன்னு பாருங்க, அப்புறம் முன்பக்கம் தள்ளிப் பிடிச்சு இன்னொரு தடவை. பொதுவா 0.004-லேருந்து 0.008 இன்ச் வரைக்கும் இருந்தா நல்லது, அதாவது 0.10-லேருந்து 0.20 மி.மீ. 0.010-ஐத் தாண்டினா கம்பெனிகிட்ட பேசலாம். 0.003-க்கும் கீழ போனா சூடாகும்போதும் கரி படியும்போதும் சிலிண்டர் உரசி நிக்கும். அந்த ரெண்டு அளவுக்கும் இருக்கிற வித்தியாசம்தான் எண்ட் ஷேக். பின்னாடி தள்ளினா 0.008, முன்னாடி தள்ளினா 0.003 அப்படின்னா சிலிண்டர் 0.005 இன்ச் முன்னும் பின்னும் ஆடுதுன்னு அர்த்தம், புது ரிவால்வருக்கு அது ஜாஸ்தி, 0.002-ஐ ஒட்டி இருந்தா நிம்மதி.

டைமிங். சிலிண்டர்ல ஒவ்வொரு சேம்பருக்கும் நேரா பேனாவால நம்பர் போடுங்க. ஒரு விரலை சிலிண்டர் மேல லேசா வச்சு, சுத்துறதைத் தடுக்கிற மாதிரி மெல்லிசா அழுத்திக்கிட்டே ஹேமரை ரொம்ப மெதுவா பின்னாடி இழுங்க. ஹேமர் முழுசா காக் ஆகுறதுக்கு முன்னாடியே, இல்லன்னா அதே நேரத்துல, கீழ இருக்கிற சிலிண்டர் ஸ்டாப் அதோட பள்ளத்துல டிக்னு விழணும். ஹேமர் காக் ஆன பிறகும் சிலிண்டர் இன்னும் கொஞ்சம் சுத்தினாதான் லாக் ஆகுதுன்னா அந்த சேம்பர் லேட். ஒரு சேம்பருக்கு மூணு தடவை பாருங்க, எழுதி வைங்க.

இதுல நான் ஏமாந்த இடம் ஒண்ணு இருக்கு. காலி சிலிண்டரோட பாத்தப்ப என்னோடதுல மூணு சேம்பர் லேட்டா வந்துச்சு, பதறிட்டேன். அப்புறம் ஒரு வயசான கன்ஸ்மித் சொன்னாரு, சில மாடல்ல எக்ஸ்ட்ராக்டர் ஸ்டாரை (சுட்ட கேஸை வெளிய தள்ளுற நட்சத்திர வடிவப் பாகம்) நேரா நிறுத்துறதே உள்ள இருக்கிற கேஸ்தான் (தோட்டாவோட உலோக உறை), அது இல்லாம பாத்தா ஸ்டார் லேசா ஆடும், டைமிங் தப்பாத்தான் காட்டும்னு. ஆறு டம்மி ரவுண்டு (வெடிக்காத போலித் தோட்டா) போட்டு மறுபடி பாத்தேன், நம்பர் 4 மட்டும்தான் லேட். மூணு குறை ஒரு குறையாச்சு, ஆனா அந்த ஒண்ணு நிஜம்.

பேரல் சாய்வு. பின்னாடி இருந்து ஒரு கண்ணால பாருங்க, ஃப்ரேமோட மேல் விளிம்பையும் முன் சைட்டையும் ஒரே கோட்டுல வச்சு. முன் சைட் வலது பக்கம் சாஞ்சா குண்டு இடது பக்கம் போகும். ஆனா இடது பக்கம் போற எல்லாமே பேரல் குறை இல்ல, வலது கைக்காரங்க ட்ரிகரைத் தப்பா இழுத்தாலும் இடது பக்கம்தான் போகும். அதனால மணல் மூட்டை மேல வச்சு சுட்டுப் பாருங்க, வேற ஒருத்தர்கிட்டயும் குடுத்துப் பாருங்க.

குறை மாதிரியே தெரியுற ஆனா ஃபேக்டரி குறை இல்லாத சில விஷயங்களும் இருக்கு. எக்ஸ்ட்ராக்டர் ஸ்டாருக்கு அடியில எரியாத பவுடர் துணுக்கு ரெண்டு மாட்டினாலே சிலிண்டர் இறுகிடும், பழைய டூத் பிரஷ் போதும். .38 நிறைய சுட்டுட்டு அதே ரிவால்வர்ல .357 மேக்னம் போட்டா கேஸ் ஒட்டிக்கும், ஏன்னா சின்ன கேஸ் முடியுற இடத்துல கரி வளையம் படிஞ்சிருக்கும். ரொம்ப லேசான ரிவால்வர்ல பவர்ஃபுல் தோட்டா சுட்டா, உதைப்புல மத்த சேம்பர்ல இருக்கிற குண்டு கேஸை விட்டு வெளிய நகர்ந்து சிலிண்டரையே சுத்த விடாம பண்ணும், அது தோட்டாவோட கிரிம்ப் (கேஸ் வாய் குண்டை இறுக்கிப் பிடிக்கிறது) பிரச்சனை. சைட் அட்ஜஸ்ட் பண்ண முடியாத மாடல்ல வெயிட்டான குண்டு மேல போகும், லேசான குண்டு கீழ போகும், அதுவும் இயல்பு. டபுள் ஆக்‌ஷன்ல (ஹேமரைக் கையால இழுக்காம ட்ரிகரை மட்டும் இழுத்துச் சுடுறது) மட்டும் சில ரவுண்டு வெடிக்கலன்னா முதல்ல வேற பிராண்ட் தோட்டா மாத்திப் பாருங்க, டபுள் ஆக்‌ஷன்ல ஹேமர் கொஞ்சம் கம்மியான தூரத்துலேருந்துதான் விழும், கெட்டியான பிரைமர் (தோட்டா அடியில ஊசி பட்டுத் தீப்பிடிக்கிற பாகம்) அங்கதான் முதல்ல மாட்டும். இதெல்லாம் தெரியாம அனுப்பினா ஒரு மாசம் கழிச்சு "பரிசோதித்தோம், சரியாக உள்ளது"ன்னு ஒரு சீட்டோட திரும்பி வரும்.

## வழி 1: வாங்கின கடைலயே மாத்திக் கேக்குறது

இது நடந்தா இதுக்கு மேல ஒண்ணும் இல்ல. ஆனா பல இடத்துல ஆயுதம் கைமாறின உடனே அது ரெஜிஸ்டர்ல ஏறிடும், அதுக்கப்புறம் அது பழைய ஆயுதம்தான், கடைக்காரர் நினைச்சாலும் சட்டை மாத்திக் குடுக்கிற மாதிரி மாத்த முடியாது. அதனால இந்த வழி நிஜமா வேலை செய்யுற நேரம் பேப்பர்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடிதான். கடைலயே அனுமதி கேட்டு மேல சொன்ன மூணு செக்கையும் பண்ணுங்க, அஞ்சு நிமிஷம்தான். டைமிங் பாக்க விடமாட்டேன்னு சொல்ற கடைல வாங்காதீங்க, டம்மி ரவுண்டு நீங்களே கொண்டு போறேன்னு சொல்லுங்க.

## வழி 2: கம்பெனிக்கு அனுப்புறது

அழுத்தம் தாங்குற இடத்துல குறைன்னா இதுதான் முதல் தேர்வு, எனக்கு இதுல சந்தேகமே இல்ல. சாஞ்ச பேரலைத் திருப்புறதுக்கு அந்த ஃப்ரேமுக்குன்னே செஞ்ச அச்சுப் பிடி வேணும், பேரலைப் பிடிக்க வைஸ் வேணும். ஃபோர்சிங் கோன் (குண்டு பேரலுக்குள்ள நுழையுற கூம்பு வாய்) ஒரு பக்கமா வெட்டியிருந்தா, சேம்பர் சொரசொரன்னு இருந்தா, சிலிண்டரே தப்பா துளை போட்டிருந்தா, கம்பெனி அந்தப் பாகத்தையே தூக்கிப் போட்டு வேற வைக்கும். வெளிய எவ்வளவு நல்ல கைகாரரா இருந்தாலும் புது சிலிண்டர் கிடைச்சாதானே வைப்பாரு, சில பாகங்களை கம்பெனிகள் வெளிய விக்கிறதே இல்ல, நாங்களே பொருத்தினாதான் உண்டுன்னு சொல்லிடுவாங்க.

பில்லுல வராத செலவு என்னன்னா, முதல்ல நாள். வாரக் கணக்குல ஆகும், சில நேரம் மாசக் கணக்குல. பார்சல் செலவு யாருதுன்னு முன்னாடியே எழுத்துல வாங்கிக்கோங்க. வாரண்டி முதல் ஓனருக்கு மட்டுமா, ரெண்டாவது கைக்கும் உண்டான்னு பாருங்க. ரிப்பேர் முடியாதுன்னு முடிவு பண்ணி வேற ரிவால்வரே குடுத்தாங்கன்னா சந்தோஷம்தான், ஆனா சீரியல் நம்பர் மாறும், லைசன்ஸ்ல பழைய நம்பர் இருக்கும், மறுபடியும் ஆபீஸ் படி ஏறணும். நீங்க மாத்தின கிரிப், ஸ்ப்ரிங் எல்லாத்தையும் கழட்டிட்டு ஒரிஜினலைப் போட்டு அனுப்புங்க, போனது திரும்பி வராமலே போகலாம், அதோட "வெளிப் பாகம் போட்டதாலதான் இந்தக் குறை"ன்னு சொல்ல இடமும் இருக்காது.

இதுல ரொம்ப முக்கியம் புகாரை எப்படி எழுதுறீங்கங்கிறது. நான் முதல் தடவை அனுப்பினப்ப பேரல் சாஞ்சிருக்குன்னு நாலு வரி கோபமா எழுதிட்டு, கடைசில டைமிங்கும் சரியில்லன்னு ஒரு வார்த்தை போட்டேன். பேரலை அழகா நேரா நிறுத்தித் திருப்பி அனுப்பினாங்க, நம்பர் 4 அப்படியே இருந்துச்சு. மேசைல உக்காந்து ரிப்பேர் பண்றவருக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ வரும், அவர் உங்க மனசைப் படிக்க மாட்டாரு, சீட்டுல இருக்கிறதைத்தான் பாப்பாரு. ரெண்டாவது தடவை ஒரே பேப்பர்ல நம்பர் போட்டு எழுதினேன்: "சேம்பர் 4, டம்மி ரவுண்டுடன், மெதுவாக காக் செய்தால் மூன்றுக்கு மூன்று முறையும் லாக் ஆகவில்லை. இடைவெளி பின்பக்கம் 0.007, முன்பக்கம் 0.005." கூடவே போட்டோ. அந்தத் தடவைதான் வேலை நடந்துச்சு.

இந்த வழி யாருக்கு: வாரண்டி இருக்கு, குறை பேரல், சிலிண்டர், ஃப்ரேம், லாக்கப் (சிலிண்டர் லாக் ஆகி நிக்கிறது) சம்பந்தப்பட்டது, ஒரு ரெண்டு மாசம் இல்லாம இருக்க முடியும்.

## வழி 3: கன்ஸ்மித்

நல்ல கன்ஸ்மித் கிடைச்சா கம்பெனியைவிட பல விஷயத்துல மேல, ஏன்னா கம்பெனிக்கு அளவு வரம்புக்குள்ள வந்துட்டா போதும், இவரு உங்க ஒரு ரிவால்வரை வச்சுக்கிட்டு ஒவ்வொரு சேம்பரா பொருத்துவாரு. நேரா பேசலாம், அவர் முன்னாடியே சுட்டுக் காட்டலாம்.

சேம்பரோட முன் வாய் அளவு இதுக்கு நல்ல உதாரணம். .45 கோல்ட் ரிவால்வர்கள்ல இந்த வாய் குறுகலா வர்றது ரொம்ப நாளா பேசப்படுற விஷயம். 0.452 இன்ச் ஈயக் குண்டு 0.450 இன்ச் வாய் வழியா போகும்போது நசுங்கிச் சின்னதாகிடும், அப்புறம் அதைவிட அகலமான பேரலுக்குள்ள லூசாப் போகும், பக்கவாட்டுல சூடான காஸ் கசிஞ்சு ஈயத்தை உருக்கிப் பேரல் முழுக்கப் பூசிடும், குறியும் சிதறும். பாக்குறது சுலபம், கேஸ்ல பொருத்தாத வெறும் குண்டை சிலிண்டரோட முன்பக்கத்துலேருந்து ஒவ்வொரு வாய்லயும் விட்டுப் பாருங்க, விரலால லேசா தள்ளினா போகணும், தானா விழுந்தா அகலம், போகவே இல்லன்னா குறுகல். கம்பெனிகிட்ட கேட்டா இது வரம்புக்குள்ளதான் இருக்குன்னு சொல்ல வாய்ப்பு அதிகம், கன்ஸ்மித் ரீமர் (துளையை அகலமாக்குற கருவி) போட்டு ஆறையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்துடுவாரு. அதே மாதிரி பேரலை ஃப்ரேம்ல இறுக்கின இடத்துல உள்பக்கம் லேசா நெருங்கியிருக்கிறது, ஃபோர்சிங் கோன் சொரசொரப்பு, எண்ட் ஷேக்குக்கு மெல்லிசான வாஷர் போடுறது இதெல்லாம் அவர் கை வேலை.

ஆனா கவனமா இருக்கணும். துப்பாக்கி ரிப்பேர் பண்ற எல்லாரும் ரிவால்வர் ரிப்பேர் பண்றவங்க இல்ல. ஷாட்கன்ல பழகின கை ரிவால்வர்ல பழகியிருக்கும்னு சொல்ல முடியாது, ரிவால்வர்லயும் ஒரு பிராண்ட் தெரிஞ்சவருக்கு இன்னொண்ணு தெரியணும்னு இல்ல. பழைய கோல்ட் ரிவால்வர் உள்ள இருக்கிற அமைப்பும் ஸ்மித் அண்ட் வெஸன் உள்ள இருக்கிற அமைப்பும் வேற வேற, சிலிண்டர் சுத்துற திசையே வேற. ருகர் ஜிபி 100-ல பக்கத் தகடே (உள் பாகங்களை மூடுற பக்கவாட்டு மூடி) கிடையாது, ட்ரிகர் மொத்தமும் ஒரே செட்டா கீழ்ப்பக்கமா வெளிய வரும். "என் மாடல்ல இதுக்கு முன்னாடி டைமிங் பண்ணியிருக்கீங்களா, எத்தனை"ன்னு வெக்கப்படாம கேளுங்க.

மறைமுக செலவுன்னு பாத்தா, அவர் கை வச்ச உடனே கம்பெனி வாரண்டி போயிடலாம், அதான் முதல் செலவு. சி.ஐ.பி. (துப்பாக்கி சோதனை விதிகளை வகுக்கிற சர்வதேச அமைப்பு) விதிகளை ஏத்துக்கிட்ட நாடுகள்ல பேரல், சிலிண்டர் மாதிரி அழுத்தம் தாங்குற பாகத்தை மாத்தினா மறுபடியும் ப்ரூஃப் டெஸ்ட் (அதிக அழுத்தத் தோட்டாவால தாங்குதான்னு பாக்குறது) பண்ணி முத்திரை வாங்கணும், அதுக்கும் காசு, நாள் ரெண்டும் ஆகும். நல்ல கைகாரர்கிட்ட எப்பவும் வரிசை இருக்கும். வரிசையே இல்லாத கன்ஸ்மித்னா ஏன்னு விசாரிங்க.

யாருக்கு: வாரண்டி முடிஞ்சவங்க, செகண்ட் ஹேண்ட் வாங்கினவங்க, கம்பெனி "சரியாத்தான் இருக்கு"ன்னு கை விரிச்சும் குறி சிதறுறவங்க.

## வழி 4: நாமளே பண்றது

இதுல ரெண்டு பக்கமும் மிகையாப் பேசுறாங்க, தொடவே கூடாதுன்னு ஒரு பக்கம், பத்து நிமிஷ வேலைன்னு இன்னொரு பக்கம். உண்மைல வீட்டுல பயமில்லாம பண்ணக்கூடியது கொஞ்சம் இருக்கு.

தோட்டா வெடிக்காம போறதுக்கு ஒரு காரணம், கிரிப்போட முன்பக்கம் ஃப்ரேம்ல இருக்கிற மெயின்ஸ்ப்ரிங் (ஹேமரை முன்னாடி தள்ளுற ஸ்ப்ரிங்) ஸ்க்ரூ லூசா இருக்கிறது. ஸ்மித் அண்ட் வெஸன் மாதிரி தட்டை ஸ்ப்ரிங் வச்ச பல மாடல்ல அந்த ஸ்க்ரூ முழுசா இறுக்கியிருக்கணும், அதைப் பாதி தளர்த்தி ட்ரிகரை லேசாக்குறது தப்பான பழக்கம். எஜெக்டர் ராட் (சுட்ட கேஸைத் தள்ள அழுத்துற கம்பி) கழண்டு வந்தா சிலிண்டர் திறக்கவே திறக்காது, இறுக்கினா போதும், ஆனா சில மாடல்ல அது இடது மரை, வழக்கமா இறுக்குற திசைல திருப்பினா இன்னும் கழண்டுக்கும், பாத்துப் பண்ணுங்க. வெளி விளிம்புல கையைக் கீறுற பிசிறை மெல்லிசான சாணைக்கல்லுல ரெண்டு இழுப்பு இழுக்கலாம். கழண்டுக்கிட்டே இருக்கிற சைட் ஸ்க்ரூவுக்கு நீல நிற த்ரெட் லாக்கர் ஒரு சொட்டு.

அதுக்கு மேல போனா செலவு ஏறும். ஸ்க்ரூ தலைக்குச் சரியா பொருந்துற, நுனி ஆப்பு மாதிரி சரியாம நேரா இருக்கிற ஸ்க்ரூ டிரைவர் செட் வேணும், சாதா டிரைவர் போட்டா முதல் ஸ்க்ரூலயே தலை கிழிஞ்சு தெரியும். பக்கத் தகட்டை நெம்பி எடுக்கவே கூடாது, ஸ்க்ரூவைக் கழட்டிட்டு கிரிப் ஃப்ரேமை மரப் பிடியால மெதுவா தட்டினா அதிர்வுல அதுவே எழும்பி வரும், நெம்பினா அந்த விளிம்பு ஆயுசுக்கும் இடைவெளியோட நிக்கும்.

இங்க ஒரு விஷயத்தை நான் அழுத்திச் சொல்லணும். பக்கத் தகடு வச்ச ஸ்மித் அண்ட் வெஸன் வகை ரிவால்வர்ல ஹேமர் பிளாக்னு மெல்லிசா நீட்டமா ஒரு தகடு உள்ள இருக்கும், ட்ரிகரை இழுக்காதப்ப ஹேமர் தோட்டாவைத் தொடாம தடுக்கிறது அதுதான். இரண்டாம் உலகப் போர்ல 1944-ல ஒரு ரிவால்வர் கப்பல் தளத்துல விழுந்து வெடிச்சு ஒரு மாலுமி இறந்துட்டாரு, அதுக்கப்புறம்தான் இந்தத் தகட்டை மாத்தி இப்ப இருக்கிற வடிவத்துல வச்சாங்க. வீட்டுல கழட்டி மாட்டுறவங்க அதிகமா விட்டுடற பாகம் இதுதான், மாட்டாம மூடினாலும் ரிவால்வர் நல்லாவே சுடும், எந்த வித்தியாசமும் தெரியாது, கீழ விழுற நாள் வரைக்கும். கழட்டினா ஒவ்வொரு படிக்கும் போட்டோ எடுங்க, மூடுறதுக்கு முன்னாடி மேசைல ஒரு பாகம்கூட மிச்சம் இல்லன்னு எண்ணிப் பாருங்க.

வீட்டுல தொடவே கூடாதது: ஹேமரும் ட்ரிகரும் ஒண்ணை ஒண்ணு பிடிக்கிற அந்தச் சின்ன விளிம்பு. பல ரிவால்வர்ல அதோட மேல்பரப்பு மட்டும்தான் கெட்டிப்படுத்தியிருக்கும், சாணைக்கல்லால அந்தத் தோலைத் தாண்டிட்டா அடியில இருக்கிறது மிருதுவான இரும்பு, கொஞ்ச நாள் வழவழன்னு சுகமா இருக்கும், அப்புறம் காக் பண்ணின ஹேமர் தானா விழ ஆரம்பிக்கும். சுத்துற கிரைண்டர் டூலை ரிவால்வர் பக்கத்துலயே கொண்டு வராதீங்க. பேரலைத் திருப்ப ஃப்ரேம்ல சிலிண்டர் உக்காருற ஜன்னல்ல சுத்தியல் பிடியை நுழைச்சு நெம்புறவங்களும் இருக்காங்க, பேரல் நேராகும், ஃப்ரேம் முறுகிடும், முறுகின ஃப்ரேமுக்கு ரிப்பேரே கிடையாது.

ஒரு விதிவிலக்கு, டான் வெஸன் மாதிரி பேரலை மாத்திக்கிறதுக்குன்னே செஞ்ச ரிவால்வர். அதுல ஓனரே பேரலைக் கழட்டி, கூட வர்ற கேஜை வச்சு இடைவெளியை அமைச்சு, முன்பக்க நட்டை இறுக்கிக்கலாம், அந்த வசதிக்காகவே அதை வாங்குறவங்க உண்டு.

யாருக்கு: ஸ்க்ரூ, பிசிறு, சுத்தம் ரகக் குறை. வாரண்டி இருக்கும்போது பக்கத் தகட்டைத் திறக்காதீங்க.

## வழி 5: அப்படியே வச்சுக்கிறது, இல்ல வித்துடறது

பாலிஷ்ல நிழல், லேசா பொருந்தாத கிரிப், பின் சைட் கொஞ்சம் ஓரமா இருந்தாலும் குறி சரியா விழுறது, இதுக்கெல்லாம் ரெண்டு மாசம் பிரிஞ்சு இருக்கணுமான்னு யோசிங்க. அனுப்பினா புதுசா ஒரு கீறலோட வர்றதும் நடக்குது.

விக்கிறது பத்தி ஒரே வார்த்தை. டைமிங் குறை இருக்கிற ரிவால்வரைச் சொல்லாம விக்கிறது அடுத்தவன் முகத்துக்கு நேரா அதை நீட்டுற மாதிரி. சொல்லி வித்தா விலை குறையும், அந்த நஷ்டத்தைக் கணக்குல சேத்துப் பாத்தா பெரும்பாலும் ரிப்பேரே மலிவா இருக்கும்.

## பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா

| | கம்பெனி | கன்ஸ்மித் | நாமளே | விக்கிறது |
|---|---|---|---|---|
| சாஞ்ச பேரல் | முதல் தேர்வு | கருவி இருந்தா சரி | கூடாது | நஷ்டம் |
| லேட் டைமிங் | வாரண்டி இருந்தா இதுதான் | வாரண்டி இல்லன்னா இதுதான் | கூடாது | சொல்லி மட்டும் |
| குறுகின சேம்பர் வாய் | வரம்புக்குள்ளன்னு சொல்லலாம் | முதல் தேர்வு | வேண்டாம் | தேவையில்ல |
| எண்ட் ஷேக் | சரி | சரி | அனுபவம் இருந்தா வாஷர் | தேவையில்ல |
| வெடிக்காத ரவுண்டு | தோட்டாவும் ஸ்க்ரூவும் பாத்த பிறகு | அதே | முதல்ல இங்க ஆரம்பிங்க | அவசரப்படாதீங்க |
| தள்ளினா விழுற ஹேமர் | உடனே | வாரண்டி இல்லன்னா உடனே | கூடவே கூடாது | கூடாது |
| கைக்காசு | கம்மி | அதிகம் | டூல் செலவு | விலை நஷ்டம் |
| நாள் | அதிகம் | வரிசையைப் பொறுத்து | ஒரு நாள் | பேப்பர் வேலை |
| வாரண்டி | நிக்கும் | போகலாம் | போகலாம் | பொருந்தாது |

செகண்ட் ஹேண்ட்னா இந்தக் கணக்கே மாறும், ஃபேக்டரி குறைன்னு நீங்க நினைக்கிறது முன்னாடி ஓனர் கைவேலையா இருக்கலாம், வெட்டின ஸ்ப்ரிங், தளர்த்தின ஸ்க்ரூ, கிழிஞ்ச ஸ்க்ரூ தலை இதெல்லாம் அதோட அடையாளம், அதுக்கு நேரா கன்ஸ்மித்தான். ஆனாலும் கம்பெனிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க, 1973-க்கு முன்னாடி வந்த பழைய ருகர் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வருக்கு இன்னைக்கும் அந்தக் கம்பெனி டிரான்ஸ்ஃபர் பார் (கீழ விழுந்தா வெடிக்காம காக்குற பாகம்) செட்டை இலவசமாப் போட்டுக் குடுத்து, கழட்டின பழைய பாகத்தையும் கூடவே திருப்பி அனுப்புது.

## திரும்பி வந்த பிறகு

யார் ரிப்பேர் பண்ணினாலும், நீங்களே பண்ணினாலும், முதல்ல செஞ்ச எல்லா அளவையும் மறுபடி எடுங்க, பழைய பேப்பர்லயே பழைய நம்பருக்குப் பக்கத்துல எழுதுங்க. அப்புறம் ரேஞ்சுக்குப் போய் கண்ணாடி மாட்டிக்கிட்டு, முதல் ரெண்டு சிலிண்டர் ஒவ்வொரு ரவுண்டா போட்டு சுடுங்க, பக்கத்துல யாரையும் நிக்க விடாதீங்க. இந்த சோதனைத் தோட்டா செலவும் ரிப்பேர் செலவுலதான் சேரும், யாரும் இதைக் கணக்குல எடுக்கிறதில்ல. பிரைமர்ல ஊசி பட்ட இடம் நடுவுல இருக்கான்னு ஆறு கேஸையும் சேம்பர் நம்பர் வாரியா வரிசையா வச்சுப் பாருங்க, ஒரு கேஸ்ல மட்டும் ஓரமா இருந்தா அந்த சேம்பர் இன்னும் நேரா வரல.

என்னோடது ரெண்டாவது தடவை திரும்பி வந்தப்ப பின்பக்கம் 0.006, முன்பக்கம் 0.005. டம்மி ரவுண்டு போட்டு, விரலை சிலிண்டர் மேல வச்சு, நம்பர் 4-க்கு ஹேமரை மெதுவா இழுத்தேன், மூணு தடவையும் டிக்னு முதல்ல ஸ்டாப் விழுந்துச்சு, அப்புறம்தான் ஹேமர் நின்னுச்சு.